காத்துக்கு பில் கிடையாது!

வெந்நீரில் குளிப்பதை ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்கள் ஆபீஸிலேயே கேட்டுப் பாருங்கள். "நமக்கு எப்பவும் பச்சைத் தண்ணிதான் ஸார். வெந்நீரெல்லாம் வீட்ல லேடீஸுக்கும் குழந்தைங்களுக்கும்" என்பார்கள். மார்கழியில் அதே ஆசாமிகளின் பாத்ரூம் வாசலில் போய் நின்றால் கதவிடுக்கில் ஆவி வரும். உள்ளே பாட்டு கேட்கும். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனுக்குப் பாட்டு வராது ஸார். 'ஸ்ஸ்ஸ்... அய்யய்யோ'தான் வரும்.

ஆகவே, குளிப்பது யார் என்கிற விசாரணையை விட்டுவிடுவோம். தண்ணீரைச் சுட வைப்பது எது என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

நம் ஜனங்களில் இரண்டு கட்சி. கரண்டுக்குப் பயந்து காஸ் கெய்ஸர் வாங்குகிறவர்கள் ஒரு கட்சி. காஸுக்குப் பயந்து கரண்ட் கெய்ஸர் வாங்குகிறவர்கள் இன்னொரு கட்சி. (இரண்டுக்கும் பயந்து குளிக்காமலே இருக்கிற மூன்றாவது அணியும் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் தெரியும்.)

காஸ் கட்சிக்காரர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குழாயைத் திறந்தால் 'டிக் டிக் டிக்... குப்!' உடனே வெந்நீர். கரண்ட் போனாலும் கவலையில்லை. 15 லிட்டர் வாளி ஒன்றைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 25 கிராம் காஸ் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் 500 வாளிக்கு மேல் தேறும். மாதக் கடைசியில் இந்தக் கணக்கு காதுக்கு இனிமையாக இருக்கும்.

எதிர்க்கட்சியின் பயம் ஒன்றே ஒன்றுதான்: வெடிக்கும். அதுவும் பொய் இல்லை. 2022 செப்டம்பர் 28-ம் தேதி எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, வாலாஜாபாத் பக்கம் தேவரியம்பாக்கத்தில் காஸ் சிலிண்டர் குடோன் தீப்பிடித்துக்கொண்டது. பல பேருக்குத் தீக்காயம். உயிர்களும் போயின. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குச் சிலிண்டர் வண்டியைப் பார்த்தாலே எங்கள் பக்கத்து ஆட்கள் ரெண்டடி தள்ளித்தான் நின்றார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சிலிண்டர் காஸ் கசிந்தால் நமக்குத் தெரிந்துவிடும். அதற்கென்று சொந்தமாக வாசனை கிடையாது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே எத்தில் மெர்காப்டான் என்கிற நாற்றம் பிடித்த சரக்கைக் கலந்து அனுப்புகிறார்கள். திருடன் காலில் சலங்கை கட்டிவிடுகிற மாதிரி. அவன் நடந்தால் மூக்குக்குக் கேட்கும்.

நான் சொல்ல வந்த ஆள் வேறு. அவன் காலில் சலங்கை இல்லை. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. காஸ் கெய்ஸர் வைத்த வீடுகளில் வெடிக்குப் பயந்துகொண்டிருக்கிற நேரத்தில் பின்வாசல் வழியாக வருகிறவன் இவன்தான். பெயர் கார்பன் மோனாக்ஸைடு.

*

கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பத்தாம் கிளாஸோடு உறவு முறிந்தது. படித்தது பி.காம். ஆகவே வரவு செலவாகவே சொல்லிவிடுகிறேன்.

காஸ் எரிய வேண்டுமென்றால் காற்று வேண்டும். எவ்வளவு? நம் சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும். ஒரு பங்கு புரொபேன் ஒழுங்காக எரிய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. அதாவது கெய்ஸர் என்கிற மெஷின் சாப்பிடுவதில் காஸ் ஊறுகாய் மாதிரி, காற்றுதான் சோறு.

இப்போது உங்கள் பாத்ரூமுக்கு வாருங்கள். நீளம் 6 அடி, அகலம் 4 அடி, உயரம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கிற மொத்தக் காற்று சுமார் 5,400 லிட்டர். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தருகிற சாதாரண கெய்ஸர், முழு மூச்சாக எரியும்போது நிமிஷத்துக்குத் தோராயமாக 170 லிட்டர் காற்றை விழுங்கும். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் குளித்தால் 1,700 லிட்டர். பாத்ரூம் காற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! நீங்கள் மூச்சு விடுகிற செலவு தனி.

சிலிண்டருக்கு ரசீது வருகிறது. தண்ணீருக்கு வரி வருகிறது. பாட்டரி தீர்ந்தால் கடைக்குப் போகிறோம். காற்றுக்கு மட்டும் பில் கிடையாது. அதனால் செலவுக் கணக்கில் அதை எழுதுவதே இல்லை. பேரேட்டில் எழுதாத செலவுதான் கடையை மூழ்கடிக்கும் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? கார்பனுக்கு இரண்டு ஆக்ஸிஜன் கிடைத்தால் கார்பன் டையாக்ஸைடு ஆகிவிடும், கணக்கு தீர்ந்தது. ஒன்றுதான் கிடைத்தது என்றால் அரைகுறைப் பைசலாக வெளியே வருவான் பாருங்கள், அவன்தான் கார்பன் மோனாக்ஸைடு. நேராக நம் நுரையீரலுக்குப் போவான்.

நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒரு டவுன் பஸ் ஓடுகிறது. ஆக்ஸிஜன் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மூளை, இதயம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் இறக்குவது அதன் வேலை. மோனாக்ஸைடு ஆசாமி ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் சுறுசுறுப்பு. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஸீட் பிடித்துவிடுவான். பிடித்தால் எழுந்திருக்கவும் மாட்டான். சாதாரணக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டிருந்தால், ஏறியவர்களில் பாதிப் பேர் இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்ஸிஜன் பாவம், ஸ்டாப்பிங்கில் நிற்கும். பஸ் ஃபுல். ஆனால் மூளைக்கு ஒரு பிரயாணியும் போய்ச் சேரவில்லை.

*

இதெல்லாம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த ஞானம் அல்ல. மாகறலில் என் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தது.

மாகறல் தெரியுமல்லவா? காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரை ஊர். சம்பந்தர் பாடிய ஸ்தலம். ராஜேந்திர சோழன் ஒரு பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு வந்ததாகவும், அது புற்றுக்குள் போய் ஒளிந்ததாகவும், அங்கே சிவன் வெளிப்பட்டதாகவும் ஸ்தல புராணம். லிங்கம் உடும்பின் வால் மாதிரியே இருக்கும். ராஜாவுக்காவது வால் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் புகுந்ததற்கு அதுவும் இல்லை.

சித்தப்பா பட்டு நெசவு. தம்பிக்கு (சித்தப்பா பையன்) ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் வேலை. கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் முதல் காரியமாக காஸ் கெய்ஸர் வாங்கினார்கள். "டவுன்ல வளர்ந்த பொண்ணு. மார்கழில பச்சைத் தண்ணில குளிக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று சித்தி சொன்னாள். மாட்ட வந்தவர், "உள்ளயே மாட்டிடறேங்க, பைப்பு மிச்சம்" என்று வாளிக்கு நேர் மேலே மாட்டிவிட்டுப் போனார். செய்யாற்றங்கரைக் கொசுவுக்கும் பனிக்காற்றுக்கும் பயந்து, மேலே இருந்த ஒரே வெண்டிலேட்டரைச் சித்தப்பா தெர்மகோல் வைத்து டேப் ஒட்டி அடைத்தார். அவர் ஒட்டினால் அது ஒட்டினதுதான். பட்டு இழையே அவர் பேச்சைக் கேட்கும்.

ஆவணியில் கல்யாணம். மார்கழி பிறந்தது. புதுப் பெண்ணுக்குக் காலையில் தலைவலி, கிறுகிறுப்பு, வாய்க்கு வந்த குமட்டல்.

சித்திக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போன் பறந்தது. மாங்காய் வந்தது. குங்குமப்பூ வந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கின டெஸ்ட் அட்டை மட்டும் 'இல்லை' என்றது. "அட்டைக்கு என்னா தெரியும்? எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் மொதல்ல இல்லன்னு காட்டிச்சி" என்று அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள் சித்தி.

பொங்கலுக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போனாள். நாலு நாள் தலைவலியே இல்லை. திரும்பி வந்த மறுநாள் காலை மறுபடி ஆரம்பம். தம்பியின் சிநேகிதர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "மச்சான், மாமியார் வீட்டுத் தலைவலிடா இது. மாத்திரையே கெடையாது!"

சிரிக்கலாம்தான். ஆனால் டாக்டர்களைக் கேட்டால், இந்த விஷத்துக்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது என்பார்கள். வீட்டில் இருந்தால் வருகிறது, வெளியே போனால் போய்விடுகிறது. அந்த ஒரு வரியை யாரும் யாரிடமும் உருப்படியாகச் சொல்லவில்லை.

தை வெள்ளிக்கிழமை. தலைக்குளியல். இடுப்பு வரைக்கும் முடி இருக்கிற பெண் தலைக்குக் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆண்கள் மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வந்துவிடுவதால் அந்த வீட்டு ஆண்களுக்கு எதுவும் ஆகவில்லை. அவளுக்கு இருபது நிமிஷம். கெய்ஸர் எரிந்துகொண்டே இருக்கிறது.

"ஏம்மா, ஸ்கூல் வேன் வந்துடும்!" என்று சித்தி கதவைத் தட்டினாள். (பெண் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.) பதில் இல்லை. மறுபடி தட்டினாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும். சித்தப்பா தறியிலிருந்து எழுந்து வந்து தோளால் ஒரு இடி இடித்தார். பி.வி.சி. கதவு. ஆணி பிடிக்காத அந்த மட்டமான தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி சித்தி ஆறு மாசமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை, மாற்றவில்லை.

சுவரோரம் சரிந்து கிடந்தாள். போர்வையைச் சுற்றி வெளித் திண்ணைக்குத் தூக்கி வந்தார்கள். காற்று பட்டுப் பத்து நிமிஷம் கழித்துக் கண் திறந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தம்பி, கொரோனா காலத்தில் வாங்கின விரல் கிளிப்பை மாட்டிப் பார்த்திருக்கிறான். ஆக்ஸிஜன் 98. "நார்மலா இருக்கும்மா" என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

டாக்டரம்மா ரெண்டே கேள்விதான் கேட்டார். "குளிக்கறது காஸ் ஹீட்டர்லயா? பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா?"

அப்புறம் தம்பியைப் பார்த்து, "அந்த கிளிப்பை நம்பாதீங்க" என்றார். அது ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற யந்திரம். ஸீட்டில் ஆக்ஸிஜன் உட்கார்ந்திருந்தாலும் மோனாக்ஸைடு உட்கார்ந்திருந்தாலும் அதற்குச் சிவப்பாகத்தான் தெரியும். பஸ் ஃபுல் என்று சொல்லும்; உள்ளே இருப்பது யார் என்று சொல்லத் தெரியாது. தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

முகமூடி மாட்டி முழு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால், நாலைந்து மணி நேரத்தில் இறங்குகிற கூட்டம் ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும். பெண் பிழைத்துக்கொண்டாள். சித்தி மெதுவாக டாக்டரம்மாவிடம், "ஒருவேளை முழுகாம இருந்திருந்தா?" என்று கேட்டாளாம். "அம்மாவைவிடக் குழந்தைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி" என்று பதில் வந்தது. அதன் பிறகு சித்தி மாங்காயைப் பற்றிப் பேசவில்லை.

*

எல்லா வீட்டிலும் தாழ்ப்பாள் மட்டமாக இருப்பதில்லை.

2020 ஜனவரியில் மும்பை போரிவிலியில் 15 வயதுப் பெண் குளிக்கப் போனவள், மயங்கிக் கிடந்து இறந்துபோனாள். 2023 மார்ச் 8, ஹோலிப் பண்டிகை. சாயத்தைக் கழுவ பாத்ரூமுக்குப் போன ஒரு கணவன் மனைவி மும்பை காட்கோபரில் செத்துக் கிடந்தார்கள். அதே பண்டிகை நாளில் டில்லிக்குப் பக்கத்தில் முராத்நகரில் இன்னொரு தம்பதி. இரண்டு இடத்திலும் சந்தேகம் காஸ் கெய்ஸர் மேல்தான். 2025 அக்டோபரில் மைசூர் மாவட்டம் பிரியாபட்டணத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் ஒரே பாத்ரூமில். இதில் யார் வீட்டிலும் எதுவும் வெடிக்கவில்லை.

இந்திய டாக்டர்கள் தங்கள் பத்திரிகைகளில் இதற்கு 'காஸ் கெய்ஸர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டதைப் பார்த்து, காக்காய் வலிப்பு என்று நினைத்த கேஸ்களும் அதில் உண்டு.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாகறல் போனபோது வேறொரு மெக்கானிக் வந்திருந்தார். ஐம்பது வயசு, பொறுமைசாலி. ரெகுலேட்டரை மூடிவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார்.

உள்ளே செப்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அதன் நடுவே ஓடும்போதுதான் தண்ணீர் சூடாகிறது. அந்தத் தகடுகளின் இடுக்கெல்லாம் கரி. பர்னருக்குக் காற்று போகிற வாயில் சிலந்திக்கூடு.

"எரியும்போது நெருப்பு என்னா கலர்ல இருந்திச்சி?" என்று கேட்டார்.

"மஞ்சளா, அழகா, விளக்கேத்தின மாதிரி" என்றாள் சித்தி.

"விளக்கு மஞ்சளா எரியணும்மா. காஸு நீலமாத்தான் எரியணும்."

மஞ்சள் நெருப்பு என்றால் காற்றுப் பற்றாக்குறை. பற்றாக்குறையில் கரி உண்டாகும். கரி இடுக்கை அடைக்கும். அடைத்தால் புகை வெளியேறாது, இன்னும் காற்று குறையும், இன்னும் கரி. கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தச் சுழல் உடனே புரியும். வட்டிக்கு வட்டி.

தண்ணீர் வழியிலும் வேலை இருந்தது. உப்புத் தண்ணீர் ஊர்களில் குழாய்க்குள் உப்புப் படிந்து தண்ணீர் வேகம் குறையும். உள்ளே தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது. அதைக் கழற்றி அலசினார். சிலிண்டர் டியூபைப் பிடித்து வளைத்தார், மேல்தோல் வெடித்திருந்தது. உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூபை மாட்டி, "அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க, நல்லா இருந்தாலும் மாத்திடுங்க" என்றார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி முட்டை விடுகிறதா என்று பார்த்தார். (தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னமும் நாட்டில் இருக்கிறார்கள். குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்கள் பாணியிலேயே.)

பிறகு கெய்ஸரைப் பாத்ரூமிலிருந்து பெயர்த்து, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் மாட்டினார். பாத்ரூமுக்குள் வருவது வெந்நீர்க் குழாய் மட்டும். கூடுதலாக ஆன பைப்பு செலவு, சித்தி வாங்கின குங்குமப்பூ செலவைவிடக் குறைவு.

எங்கள் பாட்டி காலத்தில் செம்புத் தவலை அடுப்பும் அங்கேதான் இருந்தது. கொல்லையில் நெருப்பு, தூக்கி வந்து குளியல். பாத்ரூமுக்குள் அடுப்பு மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு குளி என்று சொன்னால் எந்தப் பாட்டியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். அதே அடுப்புக்கு ஒரு வெள்ளைப் பெட்டி போட்டுக் கொடுத்ததும் நாம் ஒப்புக்கொண்டோம்.

சிலிண்டரை எங்கே வைப்பது என்று அடுத்த கேள்வி. சித்தப்பா, "தறி பக்கத்துல மூலை காலியா இருக்குதே" என்றார். மெக்கானிக் அவசரமாகத் தலையை ஆட்டினார். சிலிண்டர் காஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும். குழித்தறி வீட்டில் பள்ளம் எது? சித்தப்பா நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழி. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளுக்கு இதை யாராவது தண்டோரா போட்டுச் சொன்னால் தேவலை.

*

மெக்கானிக் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "அடிக்கடி அணையுதுன்னு சொன்னா, சில பசங்க சென்ஸாரைக் கட் பண்ணி டைரக்ட் குடுத்துடுவாங்க. அப்புறம் அணையவே அணையாது."

இந்த 'டைரக்ட்' வியாதி நம்மூருக்கு மட்டும் சொந்தமல்ல. சுத்தத்துக்குப் பேர் போன ஜப்பானில் 2006-ல் ஒரு பெரிய விவகாரம் வெளியே வந்தது. ஒரு பிரபல கம்பெனியின் காஸ் கெய்ஸரில், புகையை வெளியே தள்ளுகிற விசிறி ஓடாவிட்டால் தானாக அணைந்துவிடுகிற ஏற்பாடு இருந்தது. ரிப்பேர் செய்தவர்கள் ஒயரை மாற்றிக் கொடுத்து, விசிறி ஓடாவிட்டாலும் எரிகிற மாதிரி செய்திருந்தார்கள். 1985-லிருந்து 2005 வரை 21 பேர் செத்துப்போனார்கள். 2010-ல் டோக்கியோ கோர்ட் அந்தக் கம்பெனியின் முன்னாள் தலைவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

கெய்ஸர் அணைகிறது என்றால் அது மக்கர் செய்யவில்லை. ஏதோ சொல்ல வருகிறது. அதன் வாயில் துணியைத் திணிக்காதீர்கள்.

*

தலைவலி வருகிற மாதிரி இவ்வளவு சொன்ன பிறகு, செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டி எடுத்து பாத்ரூம் கதவில் ஒட்டலாம். (வெண்டிலேட்டரில் ஒட்டாதீர்கள்!)

1. கெய்ஸர் பாத்ரூமுக்கு வெளியே, காற்றாடுகிற இடத்தில். வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொள்ளவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்றால், வாளியில் வெந்நீர் பிடியுங்கள், கெய்ஸரை அணையுங்கள், கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, அப்புறம் குளியுங்கள். எரியவிட்டுக்கொண்டே குளிப்பது வேண்டாம். வெளியே மாற்றும் வரைக்கும் இது தற்காலிக ஏற்பாடுதான்.

2. வெண்டிலேட்டரை அடைக்காதீர்கள். கொசுவுக்கு வலை போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் மட்டும் போதாது. அது வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும்.

3. நெருப்பு நீலமா என்று வாரம் ஒரு தரம் பாருங்கள். மஞ்சள் என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

4. வருஷத்துக்கு ஒரு சர்வீஸ், ஐப்பசியில், குளிர் ஆரம்பிப்பதற்கு முன்னால். பைக்குக்கு எத்தனை சர்வீஸ் விடுகிறீர்கள்? பைக் பாதி வழியில் நின்றால் தள்ளிக்கொண்டாவது போகலாம்.

5. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15558 என்ற நம்பரும் இருக்கிறதா பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் தனியாகக் கிடைக்கிறது. சிலிண்டர் காஸ் கசிவைக் காட்டுகிற அலாரம் வேறு. அது இதைக் கண்டுபிடிக்காது.

6. குளித்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவு வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

7. உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் வெட்கம், மரியாதை எல்லாம் அப்புறம். கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வெளியே இழுத்து வாருங்கள். கெய்ஸரை அணையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையே 'காஸ் கெய்ஸர்' என்பதாக இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தையில் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

பிறந்ததிலிருந்து இன்று வரை நாம் மூச்சிழுத்த காற்றுக்கு யாரும் மீட்டர் வைத்துப் படிக்கவில்லை. இது எந்த டிபார்ட்மென்ட் கண்ணிலும் இன்னும் படாதது நம் அதிர்ஷ்டம். பட்டு, வரி போட்டு, அதற்கு ஒரு ஜி.எஸ்.டி.யும் சேர்ப்பதற்குள், போய் அந்த வெண்டிலேட்டரைத் திறந்து வையுங்கள் ஸார்.